கர்னலின் பச்சை நோட்டு

இரவு பதினொன்றரைக்கு அக்கா மகன் போன் செய்தான். "மாமா, நாளைக்குக் காலையில ஒரு ஸ்டேட்மென்ட் எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க. எழுதிடலாம்ல? நான்தான் தப்பு எதுவும் பண்ணலையே."

2018-ல் நடந்தது இது. அவன் அப்போது டெக்சாஸில், ஃபோர்ட் ஹூட் முகாமில் அமெரிக்க ராணுவச் சிப்பாய். திருச்சிப் பையன் அமெரிக்க ராணுவத்துக்கு எப்படிப் போனான் என்று கேட்பவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: தமிழ் தெரிந்ததால். 2008-ல் அறிவித்த மாவ்னி என்ற திட்டம், கிரீன் கார்டு இல்லாவிட்டாலும் முறையான விசாவில் இருப்பவர்கள் ராணுவத்துக்குத் தேவையான மொழி பேசினால் சேர்த்துக்கொண்டது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. படிக்க வந்தவன் தொலைபேசியில் தமிழ்த் தேர்வு எழுதி, மன்னிக்கவும், பேசி, 2015-ல் சேர்ந்தான். அடிப்படைப் பயிற்சி முடிந்த கையோடு குடியுரிமை. 2016-ல் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். அக்காவுக்கு இன்னும் சந்தேகம்தான். "நான் சொல்லிக் கொடுத்த தமிழுக்கா துப்பாக்கி கொடுத்தாங்க?" என்பாள்.

விஷயம் வீட்டு வாடகைப் படி. அதற்கு முன்பு அவன் மேரிலாந்தில் இருந்தான். அங்கே வாடகை அதிகம், படியும் அதிகம். டெக்சாஸுக்கு மாறிய பிறகும் சில மாதங்கள் பழைய ஊரின் கணக்கிலேயே பணம் வந்திருக்கிறது. இவன் கவனிக்கவில்லை. யாரோ கவனித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் எழுப்பியது ஒரு சட்டமன்ற உறுப்பினரை. பெயர் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதனால் இங்கே கர்னல். மேரிலாந்து மாநிலச் சட்டமன்றத்தின் கீழ்ச்சபையான ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸில் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தவர். அந்தச் சபை உறுப்பினருக்கு டெலிகேட் என்று பெயர். அதற்கு முன்பு ராணுவ வழக்கறிஞர், அவர்கள் பேச்சில் 'ஜாக்'. ஜெர்மனியில் சில வருடம் முழுநேரம், பிறகு ஊரோடு இருந்துகொண்டே நேஷனல் கார்டு என்ற பகுதிநேரப் படையில் மாதம் ஒரு வாரக் கடைசியும் வருடம் இரண்டு வாரமும். அப்படியே கர்னல் வரை போய் ஓய்வு பெற்றார். நான் அவர் அலுவலகத்தில் சனிக்கிழமைகளில் கடிதம் பிரித்துக் கொடுக்கும் தன்னார்வலன். உதவி கேட்க உரிமை இருப்பதாக நினைத்தேன்.

அவர் சொன்னது மூன்றே வாக்கியம். "அவன் எதுவும் எழுத வேண்டாம். என்னிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். டிரயல் டிஃபென்ஸ் சர்வீஸ் அலுவலகம் எங்கே என்று கேட்டு நேராக அங்கே போகச் சொல்லுங்கள்."

வைத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. நம் ஊர் எம்.எல்.ஏ.வாக இருந்திருந்தால் இந்நேரம் யாருக்காவது போன் போயிருக்கும் என்று மனைவியிடம் புலம்பினேன்.

மாலையில் அவரே அழைத்து விளக்கினார். சட்டமன்ற உறுப்பினர் யூனிட்டுக்கு போன் செய்தால் அது உதவி ஆகாது, பையன் ஆள் பிடிக்கிறான் என்றுதான் பெயர் வரும். அவர் பையனின் வழக்கறிஞரும் இல்லை. அதனால் அவரிடம் சொன்னது ரகசியமாக நிற்கும் என்று உத்தரவாதம் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் வாதாட ராணுவமே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், அதுதான் டிரயல் டிஃபென்ஸ் சர்வீஸ். 1980-ல் அந்த அமைப்பைத் தனியாகப் பிரித்ததே, அவர்கள் உள்ளூர்த் தளபதிக்குக் கட்டுப்பட்டவர்களாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். ஒரு டாலர் செலவில்லை. அப்புறம் ராணுவச் சட்டத்தின் 31-வது பிரிவு: சந்தேகத்துக்கு உள்ளானவரிடம் கேள்வி கேட்கும் முன், என்ன சந்தேகம் என்பதையும், பதில் சொல்லாமல் இருக்கலாம் என்பதையும், சொன்னால் அது எதிராகப் பயன்படும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சினிமாவில் போலீஸ்காரர் கைவிலங்கு மாட்டிக்கொண்டே சொல்கிற 'பேசாமல் இருக்கும் உரிமை' வந்தது 1966-ல், மிரண்டா தீர்ப்பில். சிப்பாய்க்கு அது 1950-லேயே வந்துவிட்டது. இதைச் சொல்லும்போது கர்னல் குரலில் ஒரு பெருமை இருந்தது.

உண்மையில் பையனைக் காப்பாற்றியது என்ன என்று பின்னால்தான் தெரிந்தது. இரவே அவன் ஒரு வரைவு எழுதி வைத்திருந்தான். அதில் ஒரு வரி: 'பணம் கூடுதலாக வந்தது எனக்குத் தெரியும்.' அவன் மனதில் நினைத்தது, 'இப்போது தெரிகிறது' என்பதை. ஆங்கிலத்தில் எழுதும்போது காலம் வழுக்கிவிட்டது. வழக்கறிஞர் அந்த வரியில் விரலை வைத்து, "எப்போது தெரியும்? இன்றைக்கா, பணம் வந்த அன்றைக்கா?" என்று கேட்டாராம். தெரிந்தே வாங்கினால் திருட்டு, தெரியாமல் வந்திருந்தால் கணக்குப் பிழை. அந்தக் காகிதம் கிழிக்கப்பட்டது. கடைசியில் கூடுதல் பணத்தைச் சம்பளத்தில் தவணையாகப் பிடித்தார்கள். அவ்வளவுதான்.

"நான் தப்பு பண்ணலையே என்று சொல்கிறவன்தான் அதிகம் எழுதுவான்" என்றார் கர்னல். "தப்பு பண்ணியவனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்."

இவரோடு எனக்கு எப்படிப் பழக்கம் என்று சொல்ல வேண்டும். அதுவும் என் அசட்டுத்தனத்தில் தொடங்கியதுதான்.

மேரிலாந்தில் கொலம்பியா பக்கம் வீடு வாங்கிய எல்லோரையும் போல நானும் வீட்டு உரிமையாளர் சங்கத்தில் மாட்டிக்கொண்டவன். மாதாமாதம் பணம் வாங்குவார்கள். கூரை ஒழுகினால் சேமிப்பில் ஒன்றும் இருக்காது. 2016-ல் இந்தச் சங்கங்களின் கணக்கு வழக்கு பற்றி ஒரு மசோதா வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, சட்டமன்றக் கமிட்டி முன் சாட்சி சொல்ல மாநிலத் தலைநகர் அன்னாபொலிஸுக்குப் போனேன். நான்கு பக்கம் எழுதியிருந்தேன். முதல் பக்கம் முழுக்க நான் யார், எப்போது அமெரிக்கா வந்தேன், மேரிலாந்து எவ்வளவு அழகு. இரண்டாவது பக்கத்தில் பாதி போனபோது நேரம் முடிந்தது. நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு நிமிடம் என்றால் இரண்டு நிமிடம்தான்.

வெளியே வராந்தாவில் நின்று கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளைத் தலை ஒருவர் வந்தார். கமிட்டி மேசையில் பார்த்த முகம். "உங்கள் நான்காவது பக்கத்தில் என்ன இருந்தது?" என்று கேட்டார். எங்கள் சங்கம் ஏழு வருடமாகக் கூரைக்கென்று ஒரு காசும் ஒதுக்காமல், கடைசியில் வீட்டுக்கு நாலாயிரம் டாலர் ஒரே மாதத்தில் கேட்ட கதை என்றேன். "அதைத்தானே நீங்கள் முதலில் சொல்லியிருக்க வேண்டும்?" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பச்சை அட்டை போட்ட ஒரு சின்ன நோட்டை எடுத்து, நாலாயிரம் என்ற எண்ணையும் என் பெயரையும் எழுதிக்கொண்டார்.

அந்த நோட்டு ராணுவத்தில் கொடுப்பது. ஓய்வு பெற்ற பிறகும் எங்கிருந்தோ வாங்கிக்கொண்டே இருந்தார். ஒரு பக்கத்தில் ஐந்து கட்டம்: தேதி, யார், என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், முடிந்ததா. தெருவில் குழி என்று சொன்னவரும் அதில் இருப்பார், கவர்னரும் இருப்பார். ஐந்தாவது கட்டம் காலியாக இருக்கும் வரிகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து வாசிப்பார். இவ்வளவு வருடம் எப்படித் தொடர்ந்து ஜெயித்தார் என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்த ஐந்தாவது கட்டம்தான். அவர் மேடைப் பேச்சு, உண்மையைச் சொன்னால், தூக்கம் வரும்.

மேரிலாந்து சட்டமன்றம் வருடத்தில் 90 நாள்தான் கூடும். ஜனவரி இரண்டாவது புதன்கிழமை தொடங்கி ஏப்ரலில் ஒரு நள்ளிரவில் முடியும். கடைசி மணி அடித்ததும் காகிதத் துணுக்குகளைக் கொட்டிக் கொண்டாடுவார்கள், கல்யாண வீட்டில் அட்சதை போடுவது மாதிரி. 47 தொகுதி, தொகுதிக்கு ஒரு செனட்டர், மூன்று டெலிகேட். அந்த 90 நாளில் இரண்டாயிரத்துக்கு மேல் மசோதாக்கள் வரும். சம்பளம் 2018-ல் ஆண்டுக்கு 50,330 டாலர். பெரும்பாலோருக்கு வேறு தொழிலும் உண்டு. கர்னலும் மீதி ஒன்பது மாதம் சின்ன வக்கீல் அலுவலகம் நடத்தினார். அந்த அலுவலகம் ஒருநாளும் பெரியதாகவில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை காணாமல் போகிற வக்கீலிடம் யார் பெரிய வழக்கு கொடுப்பார்கள்? மகள் பிறந்தநாள் மார்ச் மாதத்தில். அவளோடு கேக் வெட்டும் படம்கூட அவரிடம் இல்லை, அவர் இருந்தால்தானே. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. அவர் மனைவி சொன்னார்.

2001 செப்டம்பருக்குப் பிறகு நேஷனல் கார்டில் இருந்த அவரையும் ஒரு வருடம் பணிக்கு அழைத்துக்கொண்டார்கள். சட்டமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே சீருடை போடுவது மேரிலாந்தில் புதிதல்ல. இப்போது மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாக இருக்கும் ஆன்டனி பிரவுன், டெலிகேட்டாக இருந்தபோதே 2004-ல் ராணுவ ரிசர்வின் சட்ட அதிகாரியாக ஈராக் போனவர். ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு. தென் கரோலினாவின் லின்ட்ஸி கிரஹாம், அமெரிக்க செனட்டராக இருந்துகொண்டே விமானப்படையின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிசர்வ் நீதிபதியாகவும் உட்கார்ந்தார். சட்டம் இயற்றும் சபையில் இருப்பவர் அதே நேரத்தில் ராணுவ மேல்முறையீட்டு நீதிபதியாக இருக்க முடியாது என்று 2006-ல் லேன் என்ற வழக்கில் உயர் ராணுவ நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கைக் கொண்டு போனது தண்டிக்கப்பட்ட ஒரு சாதாரண விமானப்படை வீரர். கர்னலுக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு அது. "ஒரு ஏர்மேன் ஒரு செனட்டரை நாற்காலியிலிருந்து இறக்கினான்" என்று சிரிப்பார்.

பார்வையாளர்கள் வந்தால் அவர் முதலில் அழைத்துப் போவது சட்டமன்றக் கட்டடமான ஸ்டேட் ஹவுஸின் பழைய செனட் அறைக்கு. 1783 டிசம்பர் 23 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் தன் தளபதிப் பதவியை அங்கேதான் காங்கிரஸிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் நின்ற இடத்தில் வெண்கலச் சிலை இருக்கிறது. ராணுவ வழக்கறிஞர் பிரிவைத் தொடங்கியதும் அதே வாஷிங்டன்தான், 1775 ஜூலையில். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் கர்னல் பிரசங்கம் எதுவும் செய்ய மாட்டார். "இவர் கையில் ஒரு படையே இருந்தது. இந்த அறையில் இருந்தவர்களிடம் ஒன்றுமே இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார்.

சரி, அவரிடம் நான் கற்று, இன்றும் தினமும் பயன்படுத்துவது ஒன்று உண்டு. ராணுவ வழக்கில் ஒவ்வொரு குற்றத்துக்கும் கூறுகள் இருக்கும். திருட்டு என்றால் பொருளை எடுத்தது, அது பிறருடையது, அதற்கு ஒரு மதிப்பு உண்டு, திருப்பித் தரும் எண்ணம் இல்லை. நான்கில் ஒன்றை நிரூபிக்க முடியாவிட்டாலும் குற்றம் நிற்காது. இளம் வழக்கறிஞராக இருந்தபோது ஒவ்வொரு வழக்குக்கும் கட்டம் போட்டு இதை எழுதுவாராம். மசோதாவையும் அப்படியேதான் படிப்பார். யார் செய்ய வேண்டும்? என்ன செய்ய வேண்டும்? எந்தத் தேதிக்குள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாத மசோதாவை அவர் 'வாழ்த்து அட்டை' என்பார். எடுத்ததும் தலைப்பைப் படிக்க மாட்டார், சொற்களுக்குப் பொருள் சொல்லும் பகுதிக்குத்தான் போவார். 'செய்ய வேண்டும்' என்பதா, 'செய்யலாம்' என்பதா என்று பார்த்து ஒவ்வொன்றின் கீழும் கோடு போடுவார். ஒரு சொல்லில் சட்டம் வேண்டுகோளாகிவிடும்.

இந்த நான்கு கேள்வியை வைத்துக்கொண்டு நான் எங்கள் சங்கத்தின் விதிமுறையைப் படித்தேன், கார் வாங்கிய பத்திரத்தைப் படித்தேன், திருச்சியில் அக்கா ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் கையெழுத்துப் போட இருந்த ஒப்பந்தத்தையும் படித்தேன். கடைசியதில் கட்டுபவர் எந்தத் தேதிக்குள் முடிப்பார் என்று இருந்தது. முடிக்காவிட்டால் என்ன என்று இல்லவே இல்லை. கேட்டதும் ஒரு வரி சேர்த்தார்கள். கேட்காமல் சேர்க்க மாட்டார்கள்.

வீட்டுச் சங்க மசோதா என்ன ஆயிற்று? அந்த வருடம் கமிட்டியிலேயே படுத்துவிட்டது. எனக்கு மனசு விட்டுப் போனது. கர்னல் அசரவில்லை. இங்கே மசோதாவுக்கு மறுபிறவி உண்டு என்றார். 2021 ஜூனில் ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எல்லா மாநிலத்திலும் பேச்சு மாறியது. சங்கங்கள் எதிர்காலப் பழுதுபார்ப்புக்கு எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும் என்று ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது ஆய்வு செய்தாக வேண்டும் என்று மேரிலாந்து 2022-ல் சட்டமாக்கியது. அந்த முறை நான் இரண்டு பத்திதான் எழுதி அனுப்பினேன். முதல் வரியே நாலாயிரம் டாலர்.

நம்மவர்கள் அவர் அலுவலகத்துக்கு வரும்போது செய்கிற தவறு எப்போதும் ஒன்றேதான், நானும் செய்தது. விசா, பாஸ்போர்ட், கிரீன் கார்டு, ராணுவம் என்று கேட்டு மாநில டெலிகேட்டிடம் வருவோம். அது எல்லாம் மத்திய அரசு. அதற்கு உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகம் இருக்கிறது. அங்கேயும் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடாமல் உங்கள் கோப்பைப் பற்றி எந்தத் துறையும் அவர்களிடம் பேசாது. அந்தப் படிவத்தை முதல் நாளே நிரப்பிவிடுங்கள், வாரங்கள் மிச்சமாகும். மாநிலத்துக்கு உரியது தொழில் உரிமம், வண்டி உரிமம், பள்ளிச் சட்டம், வாடகைச் சட்டம், மாநில வரி. இதில் கேட்டால் டெலிகேட் அலுவலகம் நிஜமாகவே வேலை செய்யும். ஒரு கடிதத்தில் ஒரு விஷயம். முதல் வரியில் முகவரி, உங்கள் தொகுதிக்காரர் என்று தெரிவதற்கு. இரண்டாவது வரியில் என்ன வேண்டும். ஊரெல்லாம் வெட்டி ஒட்டி அனுப்பும் ஒரே மாதிரிக் கடிதங்களை எண்ணி மட்டும் வைப்பார்கள். சொந்தமாக எழுதிய ஒன்று மேசைக்குப் போகும். நான் பிரித்துக் கொடுத்தவன், சொல்கிறேன்.

தொழில் உரிமத்தில் எங்களுக்கே ஒரு அனுபவம். 2021-ல் அக்கா மகனை மறுபடி மேரிலாந்துக்கு, ஃபோர்ட் மீடுக்கு மாற்றினார்கள். அவன் மனைவி டெக்சாஸில் உரிமம் பெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இங்கே விண்ணப்பித்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தாள். ராணுவத்தினரின் துணைவருக்கு உரிமத்தை விரைவாகக் கொடுக்கச் சொல்லி மேரிலாந்தில் 2013-லேயே சட்டம் இருக்கிறது. அவள் விண்ணப்பத்தில் தான் ராணுவ வீரரின் மனைவி என்று எங்கேயுமே சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், "சலுகை கேக்குற மாதிரி இருக்கேன்னு விட்டுட்டேன் மாமா" என்றாள். கர்னல் இதைக் கேட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சட்டம் கொடுத்ததைக் கேட்பது சலுகை இல்லை என்று அவளுக்குப் பொறுமையாகச் சொன்னார். 2023 ஜனவரியில் மத்திய அரசின் சட்டமும் மாறிவிட்டது. பணி மாற்றல் உத்தரவோடு வரும் ராணுவத்தினரும் துணைவரும் ஏற்கனவே பயன்படுத்திவரும் உரிமத்தை, சில நிபந்தனைகளோடு, புது மாநிலத்திலும் செல்லும்படி செய்துகொள்ளலாம். வக்கீல் உரிமத்துக்கு மட்டும் அப்போது இது பொருந்தவில்லை. "சட்டத்தை எழுதியது யார் என்று தெரிகிறதல்லவா?" என்று கர்னல் கண்ணடித்தார்.

ராணுவக் குடும்பங்களுக்கு இன்னும் இரண்டு. பணிக்கு முன்பு வாங்கிய கடனுக்கு, பணியில் இருக்கும் காலத்தில் ஆறு சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. ஆனால் கடன் கொடுத்தவருக்கு எழுத்தில் கேட்டு உத்தரவின் நகலை அனுப்ப வேண்டும், தானாக நடக்காது. மாற்றல் வந்தால் வாடகை ஒப்பந்தத்தை அபராதம் இல்லாமல் முடித்துக்கொள்ளவும் முடியும், அதற்கும் எழுத்தில் அறிவிப்பு வேண்டும்.

அவர் ராணுவத்தில் அதிகம் செய்த வேலை நாம் நினைக்கிற மாதிரி கோர்ட் மார்ஷல் இல்லையாம். வரிசையில் நிற்கும் இருபது வயதுப் பையன்களுக்கு உயிலும் பவர் பத்திரமும் எழுதுவது. வெளிநாட்டுப் பணிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் இரவு பெரிய கொட்டகையில் மேசை போட்டு, ஒருவர் பின் ஒருவராக. பல பையன்கள் காதலிக்குப் பொது அதிகாரப் பத்திரம் கேட்பார்களாம். திரும்பி வரும்போது காரும் இருக்காது, வங்கியில் பணமும் இருக்காது, காதலியும் இருக்க மாட்டாள். அதனால் அவர் ஒரு விதி வைத்திருந்தார்: என்ன வேலைக்கு என்று குறிப்பிட்ட அதிகாரம் மட்டும், அதற்கு முடிவுத் தேதியும் உண்டு. பவர் பத்திரம் கொடுத்து மனையைத் தொலைத்த குடும்பம் எங்கள் தெருவிலேயே இரண்டு என்று நான் சொன்னபோது, அவருக்கு ஆச்சரியமே இல்லை.

அன்றைக்குத்தான் என்னிடம் கேட்டார், "உங்களுக்கு உயில் இருக்கிறதா?" பதினாறு, பன்னிரண்டு வயதில் இரண்டு பிள்ளைகள். நானும் மனைவியும் ஒரே காரில்தான் எங்கேயும் போவோம். உயில் இல்லை. இழுத்தேன். நம் வீடுகளில் சாவைப் பற்றி யார் பேசுகிறார்கள்? அவர் எனக்கு எழுதித் தர மாட்டேன் என்றார், தன் அலுவலகத்தில் வேலை செய்கிறவருக்கு எழுதினால் சரியாக இருக்காதாம். மேரிலாந்தில் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும், பிள்ளைகளை யார் வளர்ப்பது என்பதைப் பணத்துக்கு முன்னால் முடிவு செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். நாங்கள் பணத்தைப் பத்து நிமிடத்தில் முடித்தோம். பிள்ளைகளை யார் வளர்ப்பது என்பதற்கு இரண்டு மாதம் ஆயிற்று, அதில் ஒரு மாதம் பேச்சுவார்த்தையே இல்லை. ஒவ்வொரு முறை என்னைப் பார்க்கும்போதும் நோட்டைத் தட்டுவார். முடிந்தது என்று சொன்ன அன்று ஐந்தாவது கட்டத்தில் தேதி போட்டார்.

எல்லாவற்றிலும் அவரோடு எனக்கு ஒத்துப்போனது என்று நினைக்க வேண்டாம். சமரசம் அதிகம் செய்வார். நல்ல மசோதாக்களையும் இருபது திருத்தத்தோடு வெளியே விட்டிருக்கிறார், முகமே தெரியாத அளவுக்கு. கேட்டால், "முழு அப்பம் கேட்டுப் பட்டினி கிடப்பவர்கள் இங்கே நிறையப் பேர்" என்பார். ஓட்டு எண்ணத் தெரிந்தவர் பேச்சு அது. எனக்கு எப்போதும் முழுசாகச் சம்மதமில்லை.

இந்தியர்களைப் பற்றி அவருக்குப் புதுமை எதுவும் கிடையாது. அமெரிக்காவிலேயே முதன்முதலாக ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வான இந்திய வம்சாவளியினர் குமார் பர்வே, 1990-ல் மேரிலாந்தில்தான் ஜெயித்தார். முப்பது வருடத்துக்கு மேல் அதே சபையில் இருந்தார். ஹைதராபாதில் பிறந்த அருணா மில்லர் எட்டு வருடம் டெலிகேட்டாக இருந்து 2023-ல் துணை கவர்னர் ஆனார். "நீங்கள் ஏன் நிற்கவில்லை?" என்று கர்னல் என்னை இரண்டு முறை கேட்டார். இரண்டு நிமிடத்தில் பேசத் தெரியாதவன் என்றேன்.

2022 தேர்தலில் அவர் நிற்கவில்லை. 2023 ஜனவரியில் மேசையைக் காலி செய்தபோது பச்சை நோட்டுகளை இரண்டு பெட்டியில் நான்தான் அடுக்கினேன். அடுத்த மாதமே பொறுக்க முடியாமல், முன்னாள் ராணுவத்தினர் பற்றிய ஒரு மசோதாவுக்கு ஆதரவாகப் பேச வேண்டும் என்று கிளம்பினார். கோவிட் காலத்துக்குப் பிறகு எல்லாம் மாறியிருந்தது. அன்றைக்குப் போய்த் தாளில் பெயர் எழுத முடியாது, சட்டமன்றத்தின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, ஹியரிங்குக்கு முன்பே, கொடுத்த நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். கால் நூற்றாண்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு இந்தப் பக்கத்துக் கதவு எங்கே என்று தெரியவில்லை. பதிவைத் தவறவிட்டார். பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் திரும்பினார்.

2024-ல் நான் முன்னதாகவே போன் செய்து, கூடவே உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்தேன். பேச அழைத்தபோது தலைவர் பழைய வழக்கத்தில் "டெலிகேட்" என்றார். இவர் "இப்போது மிஸ்டர்" என்று திருத்திவிட்டு, நாற்பது வினாடியில் முடித்துக்கொண்டார். ஒரு சிப்பாய், ஒரு தேதி, ஒரு தொகை. என்ன வேண்டும் என்று ஒரு வரி. மீதி ஒரு நிமிடம் இருபது வினாடியை யாரும் கேட்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

உறுப்பினருக்கான பார்க்கிங் இப்போது அவருக்குக் கிடையாது. அன்னாபொலிஸ் தெருக்களில் காரை நிறுத்த முயல்வது வீண் வேலை. கடற்படை அகாடமியின் கால்பந்து மைதானத்தில் நிறுத்திவிட்டு ஷட்டில் பஸ்ஸில் போவதுதான் சரி. அதைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். திரும்பும்போது பனி தூறிக்கொண்டிருந்தது, பஸ் வரவில்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். கூட நின்ற ஒரு பெண் கைக்குழந்தையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். கர்னல் கையுறையைக் கழற்றி, பையிலிருந்து பச்சை நோட்டை எடுத்து, பஸ் வர வேண்டிய நேரத்தை எழுதினார். பஸ் வந்ததும் வந்த நேரத்தை எழுதினார். அந்தப் பெண்ணிடம் தினமும் இப்படித்தானா என்று கேட்டு அதையும் எழுதினார்.

"இதை யாரிடம் சொல்லப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"என் டெலிகேட்டிடம்" என்றார்.